ஊசிமுனை ஓட்டையும் ஒரு கட்டிச் சூடமும்

வெள்ளைத் துணியில் ஒரு கறை விழுந்தால் எங்கள் சாயப்பட்டறையில் முதலில் எழும் கேள்வி, "ஆரு பண்ணுனது?" என்பதுதான். எப்படி வந்தது என்கிற கேள்வி அதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். சில சமயம் வராமலே போய்விடும்.

அன்று ஆறாம் நம்பர் மெஷினிலிருந்து இறக்கிய துணி, கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கப் போக வேண்டிய வெள்ளை. விரித்துப் போட்டபோது அங்கங்கே வெளிர் ரோஜா நிறத்தில் திட்டுகள் இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கிட்டப் போனால் கண்ணை உறுத்தும். கொஞ்ச நாளைக்குள் இது இரண்டாவது தடவை. டையிங் மாஸ்டர் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, அந்த மெஷினை ஓட்டும் ஆபரேட்டரைப் பார்த்தார். சுற்றி நின்ற எல்லோரும் ஆபரேட்டரைப் பார்த்தார்கள்.

நான் அந்தப் பட்டறையில் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருப்பவள். சேவூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஸ்பேனர் பிடிக்கிற வேலைக்குப் பொம்பளைப் பிள்ளையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நீண்டுவிட்டது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டில் எனக்குப் பாய்லர் என்று பட்டப்பெயர். பாய்லருக்காவது சேஃப்டி வால்வு உண்டு, இவளுக்கு அதுவும் இல்லை என்பார் என் வீட்டுக்காரர்.

முதல் தடவை கறை வந்தது ஆயுத பூஜை முடிந்த கையோடு. அப்போது பழி குங்குமத்தின் மேல் விழுந்தது. பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்திருந்தோம். மூடியில் வைத்த குங்குமம் உள்ளே உதிர்ந்துவிட்டது என்று மாஸ்டர் முடிவு கட்டினார். குங்குமம் ஒரு சிட்டிகை, துணியோ மூட்டை மூட்டையாக. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாமி காரியம் என்று யாரும் மேற்கொண்டு பேசவில்லை. அந்தத் துணியைக் கறுப்பாக மாற்றிச் சாயமேற்றி வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் தடவைக்குப் பூஜை எதுவும் கைவசம் இல்லை. ஆள்தான் கிடைத்தார்.

ஆபரேட்டர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார். அதிகம் பேசமாட்டார். வெள்ளை ஓட்டுகிற மெஷினை எல்லோர் கையிலும் கொடுக்க மாட்டார்கள். கை சுத்தமுள்ள ஆள் என்று பெயர் எடுத்தவரிடம்தான் கொடுப்பார்கள். அந்தப் பெயரை அவர் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். அது போய்விட்டால் இந்த ஊரில் வேறு எந்தப் பட்டறையிலும் அவரை வெள்ளை மெஷினில் நிறுத்த மாட்டார்கள். திருப்பூரில் நூல் போகும் வேகத்தைவிடப் பேச்சு போகும் வேகம் அதிகம்.

மாஸ்டர் சொன்ன குற்றம் இதுதான். முந்தின நாள் அதே மெஷினில் மெரூன் ஓடியிருந்தது. அடர்ந்த சாயத்துக்குப் பிறகு வெள்ளை ஓட்ட வேண்டுமென்றால், நடுவில் துணி போடாமல் சோடா கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு மெஷினைக் கழுவ வேண்டும். மெஷின் வாஷ் என்போம். எங்கள் மெஷினில் அது கையால் வால்வைத் திருப்பிச் செய்கிற வேலை. செய்து முடித்துத் தண்ணீரை இறக்கிவிட்டால் செய்ததற்குத் தடயம் இருக்காது. அவசரத்தில் அதைச் சுருக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

"கழுவாம உட்டுட்டாப்டிங்க. அவ்வளவுதானுங்க விசயம்," என்றார் மாஸ்டர்.

"கழுவுனேன் சார். சோடாப் போட்டு நல்லாக் கொதிக்கவிட்டுத்தான் இறக்குனேன்," என்றார் ஆபரேட்டர்.

"அப்பறம் கறை ஆகாசத்துல இருந்தா வந்துச்சு?"

முதலாளி அதுவரை துணியைத் தடவிக்கொண்டே நின்றார். தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, கிணறு வெட்டிய கையோடு பட்டறை வைத்தவர். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தினால்கூடப் பரவாயில்லை என்று நான் நினைத்ததுண்டு. கத்துகிறவரோடு திருப்பிக் கத்தலாம்.

"ஆளை வெரட்டறதுக்கு எனக்கு மனசு வரலீங்க மாஸ்டர். அதுக்குன்னு சும்மா உடவும் முடியாது. வர்ற வெள்ளிக்கெழமை பூசையில சூடத்தை அணைச்சுச் சொல்லட்டும், கழுவுனேன்னு. சாமி முன்னால சொல்லிட்டா நாம நம்பிக்கலாம். மாட்டேன்னா கணக்கை முடிச்சுட்டுப் போகட்டும். நாயந்தானுங்க?"

பட்டறை வாசலில் ஒரு சின்ன முருகன் சன்னிதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் பூசை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து ஒருவர் சொல்லும் வார்த்தை பொய்யானால், அது அவருடைய பிள்ளைகளைச் சேரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆபரேட்டரின் ஊரிலும் அப்படித்தான். முதலாளி தன் மனத்துக்கு நியாயமாகத்தான் பேசினார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஓட்டைக்குச் சத்தியமெல்லாம் தெரியாதுங்க," என்றேன்.

"என்ன ஓட்டைங்க அம்மிணி?"

"எக்ஸ்சேஞ்சர்ல ஓட்டை இருக்கலாமுங்க. ஒரு நாள் மெஷினை நிறுத்திக் குடுங்க, டெஸ்ட் பண்ணோணும்னு நான் முன்னாடியே கேட்டனுங்க. சீசன் முடியட்டும்னு சொல்லிட்டீங்க."

முதலாளி சிரித்தார். "செரி, பாருங்க. ஆனா வெள்ளிக்கெழமைக்குள்ளயே பாருங்க."

எக்ஸ்சேஞ்சர் என்று நான் சொன்னது, மெஷினின் பக்கவாட்டில் தொங்கும் ஓர் இரும்பு உருளையை. அதற்குள் விரல் தடிமனில் குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கும். குழாய்களுக்குள்ளே சாயத்தண்ணீர் ஓடும். குழாய்களுக்கு வெளியே, உருளைக்குள், நீராவி நிற்கும். நீராவியின் சூடு குழாய்ச் சுவர் வழியாகச் சாயத்துக்கு ஏறும். குளிர வைக்க வேண்டுமென்றால் நீராவியை மூடிவிட்டு அதே இடத்தில் குளிர்ந்த தண்ணீரை விடுவோம். சூடுதான் சுவரைத் தாண்ட வேண்டும், தண்ணீர் தாண்டக்கூடாது. அந்தச் சுவரில் எங்கேயாவது ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருந்தால், மெரூன் ஓடும்போது சாயம் வெளிப்பக்கம் போய்த் தேங்கி நிற்கும். பிறகு வெள்ளை ஓடும்போது திரும்பி உள்ளே வரும். மெஷின் வாஷில் கழுவப்படுவது உள்பக்கம் மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் சாயத்தை எத்தனை சோடா போட்டாலும் தொட முடியாது.

இது என் ஊகம். ஆனால் இதே கதையை மாஸ்டர் பக்கமிருந்தும் சொல்லலாம் என்பதுதான் சங்கடம். இரண்டு தடவையும் மெரூனுக்குப் பின்னால் ஓடிய வெள்ளையில்தான் கறை. வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை ஓடியபோது ஒன்றும் இல்லை. "அதைத்தானுங்க நானும் சொல்றன், கழுவாததுனால வந்ததுன்னு," என்றார் மாஸ்டர். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரே ஒரு விஷயம் எனக்குச் சாதகமாக இருந்தது. வெள்ளைத் துணி முதலில் வெளுப்பு மருந்தில் கொதிக்கும். அந்தத் தண்ணீரை இறக்கிவிட்டு, புதுத் தண்ணீரில், வெண்மையைத் தூக்கிக் காட்டும் ஒயிட்னர் போட்டு மறுபடி சூடேற்றுவோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்புவது வழக்கம். வெளுப்பு முடிந்து வெட்டிய துண்டு பளிச்சென்று இருந்தது. ஒயிட்னருக்குப் பிறகு வெட்டிய துண்டில்தான் ரோஜா. மெஷினைக் கழுவாமல் விட்டிருந்தால் கறை முதலிலேயே ஏறியிருக்க வேண்டாமா? பாதி வேலையில் எங்கிருந்து வந்தது? மாஸ்டரிடம் கேட்டேன். "நீங்க வெட்டுன எடத்துல கறை இல்லாம இருந்திருக்கும்," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அன்று மத்தியானம் ஆபரேட்டரை டீக்கடைப் பக்கம் பார்த்தேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"கழுவுனீங்கல்ல? அப்பறம் என்னத்துக்குப் பயப்படறீங்க? சூடத்தை அணைச்சுட்டுப் போங்க," என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கழுவுனேன் மேடம். ஆனா எல்லாரும் கழுவலை கழுவலைன்னு சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்திருச்சு. அன்னைக்குச் சோடாவைக் குறைச்சுப் போட்டேனா, கொதி வர்றதுக்கு முந்தியே இறக்கிட்டேனான்னு ராத்திரியெல்லாம் ஓடுது. எத்தனையோ நாளு கழுவுறோம். எந்த நாளைப் பத்தி நான் சத்தியம் பண்ணுவேன்? ரெண்டு பொம்பளைப் பிள்ளைக இருக்கு. வாய் தவறிச் சொல்லிட்டா அதுகளுக்குல்ல வந்து சேரும்."

செய்யாத தப்பைச் செய்தோமோ என்று ஒரு மனுஷனை நம்ப வைத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். ஓட்டை இல்லாமலே இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைக்க மறுத்துவிட்டேன்.

முதல் வேலையாக, ஆறாம் நம்பரில் அடுத்த மெரூன் ஓடும்போது கண்டன்சேட்டைப் பிடித்துப் பார்த்தேன். நீராவி தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகி வெளியே வருவதைத்தான் அப்படிச் சொல்வோம். சுவரில் ஓட்டை இருந்தால் அதில் சாயம் தெரிய வேண்டும். கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்று, "குடிக்கலாமுங்க போல," என்றார்.

அடுத்ததாக, மெஷின் காலியான நேரத்தில் உருளைக்குள் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, எல்லா வால்வையும் இறுக்கி மூடிவிட்டுக் காத்திருந்தேன். ஓட்டை இருந்தால் அழுத்தம் குறைந்து கேஜின் முள் இறங்க வேண்டும். முள் கல்லாக நின்றது. நானும் முள்ளை முறைத்துக்கொண்டு நின்றேன். யார் முதலில் அசைவது என்கிற போட்டியில் நான்தான் தோற்றேன்.

"உட்ருங்க அம்மிணி," என்றார் முதலாளி. "நீங்க பார்த்துட்டீங்க, மனசுக்குத் திருப்தி. மெஷினைச் சும்மா நிறுத்தி வெக்காதீங்க."

"திருப்தியெல்லாம் இல்லீங்க. நாளைக்கும் பார்ப்பனுங்க," என்றேன். அவர் முகம் சுருங்கியது. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் அப்போது எனக்கு இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எனக்கு ஒரு சில்லறைச் சண்டை. காலையில் கொதிக்கக் கொதிக்க ரசத்தை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இறுக மூடிக்கொண்டு வந்திருந்தேன். மத்தியானம் மூடி திறக்கவில்லை. திருகினேன், மேஜையில் தட்டினேன், திட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் வாங்கி, ஸ்பூன் முனையை மூடியின் விளிம்பில் விட்டு லேசாக நெம்பினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடி கையோடு வந்துவிட்டது.

"சூட்டோட மூடுனா ஆறுனப்புறம் உள்ளுக்க இழுத்துப் பிடிச்சுக்கிரும் மேடம்," என்றார்.

தினமும் நடக்கிற விஷயம்தான். ஆனால் அன்று ரசத்தை மறந்து மூடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உருளைக்குள் நீராவி இருக்கும்வரை அழுத்தம் அதன் பக்கம். ஓட்டை இருந்தாலும் நீராவிதான் உள்ளே தள்ளுமே தவிர, சாயம் வெளியே வர வழியில்லை. நான் கண்டன்சேட்டைப் பிடித்தது அந்த நேரத்தில். தெளிவாக இல்லாமல் எப்படி இருக்கும்? நீராவியை மூடிய பிறகு, உள்ளே மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது, என் ரசடப்பா போல உருளை உறிஞ்ச ஆரம்பிக்கும். அப்போதுதான் சாயம் சுவரைத் தாண்டும். அடுத்த முறை நீராவி திறக்கும்போது அந்தச் சாயத்தை மறுபடி உள்ளே தள்ளும். வெளுப்பின்போது வந்த சாயத்தை வெளுப்பு மருந்தே தின்றிருக்கும்; ஒயிட்னருக்குச் சூடேற்றும்போது வந்த மிச்சம்தான் ரோஜாவாகத் தங்கியது.

அப்படியானால் கேஜின் முள் ஏன் அசையவில்லை? அதற்கும் பதில் தோன்றியது. நான் டெஸ்ட் செய்தது பச்சைத் தண்ணீரில். சூட்டில் இரும்பு விரியும். குளிர்ந்தால் சுருங்கி அடைத்துக்கொள்கிற ஓட்டை, சூட்டில்தான் வாய் திறக்கும்.

சாப்பிட்ட கையோடு வேலையை ஆரம்பித்தேன். இந்த முறை சாயத்தை நம்பவில்லை. ஊசிமுனை வழியாக ஒரு சொட்டு மெரூன் வந்தால் அவ்வளவு தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எங்கள் பட்டறையிலேயே அதைவிட நல்ல ஒற்றன் மூட்டையாகக் கிடந்தது. துணிக்குப் போடும் ஒயிட்னர், ஊதா விளக்கில் நீலமாக மின்னும். துளி கலந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கலர் ஒத்துப் பார்க்க லேபில் வைத்திருக்கும் விளக்குப் பெட்டியில் அந்த ஊதா விளக்கும் உண்டு.

"இங்க காத்துலயே ஒயிட்னர் பறக்குதுங்க. எதைக் காட்டுனாலும் மின்னத்தான் செய்யும்," என்றார் மாஸ்டர். கிண்டலாகச் சொன்னாலும் சரியான கேள்வி. அதனால் உருளையை நீராவி விட்டே நன்றாகக் கழுவினேன். புதிதாக வாங்கிய குடிதண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, அதில் முதல் கண்டன்சேட்டைப் பிடித்தேன். விளக்குப் பெட்டியில் வைத்தபோது அது இருட்டாகக் கிடந்தது. மாஸ்டரையே பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

பிறகு மெஷினில் தண்ணீர் நிரப்பி, ஒயிட்னரைக் கலந்து, கொதி வரும்வரை ஓட்டச் சொன்னேன். ஆபரேட்டர்தான் ஓட்டினார். நீராவியை மூடி, உருளை ஆறட்டும் என்று விட்டோம். மறுபடி நீராவியை மெதுவாகத் திறந்ததும் வெளியே வந்த முதல் தண்ணீரை இரண்டாவது புதுப் பாட்டிலில் பிடித்தேன். வெறும் கண்ணுக்கு அதுவும் ஊற்றுத் தண்ணீர்தான். லேப் பெட்டிக்குள் வைத்து ஊதா விளக்கைப் போட்டேன்.

பாட்டில் நீலமாக எரிந்தது.

மாஸ்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "கெரகம்!" என்றார். அவர் நல்ல மனிதர்தான். தப்பு என்று தெரிந்த பிறகு இழுத்துப் பிடிக்கிற ஆள் இல்லை. "எந்தக் குழாய்னு தெரியோணுமுங்களே?" என்று அவரே கேட்டார்.

உருளையின் இரண்டு பக்க மூடிகளையும் கழற்றினோம். குழாய்களின் வாய்கள் தேன்கூடு போலத் தெரிந்தன. ஒயிட்னர் கலந்த வெந்நீரை உருளைக்குள் அழுத்தத்தோடு நிரப்பினோம். இப்போது ஓட்டை வழியாக வெளிப்பக்கத்துத் தண்ணீர் குழாய்க்குள் கசிய வேண்டும். பார்க்க ஊதா விளக்கு வேண்டும், லேப் பெட்டியைத் தூக்கி வர முடியாது. ஆபீஸில் கள்ளநோட்டுப் பார்க்கிற கைவிளக்கு ஒன்று கிடந்தது. கேட்டால் ஆயிரம் கேள்வி வரும் என்று கேட்காமலே எடுத்து வந்தேன். பட்டப்பகலில் அதன் வெளிச்சம் எடுக்கவில்லை. இருட்டுக்கு என்ன செய்வது என்று விழித்தபோது, ஆபரேட்டர் போய் இறக்கி வைத்திருந்த மெரூன் துணியை மடிப்போடு தூக்கி வந்து எக்ஸ்சேஞ்சரின் மேல் கூடாரம் போலப் போர்த்தினார். நானும் அவரும் மாஸ்டரும் அதற்குள் நுழைந்தோம். கடைசியாக, என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்க வந்த முதலாளியும் நுழைந்தார்.

விளக்கைப் போட்டதும் முதலில் மின்னியது முதலாளிதான். வேட்டி, சட்டை எல்லாம் பளீரென்று நீலம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க கொஞ்சம் அக்கட்டால போங்க, குழாய் தெரியலீங்க," என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

வரிசை வரிசையாக விளக்கை நகர்த்தினேன். இருட்டு, இருட்டு, இருட்டு. ஓரத்தில், குழாயைத் தகட்டோடு இறுக்கியிருக்கும் இடத்தில், ஒரு குழாய் வாயின் விளிம்பில் மட்டும் நீலமாக ஒரு சொட்டு திரண்டு கொண்டிருந்தது. கடுகளவு. திரண்டு, கனத்து, வழிந்தது. அதே இடத்தில் அடுத்தது திரள ஆரம்பித்தது. ஆபரேட்டர் விரலை நீட்டி அந்தச் சொட்டைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த இறுக்கம் ஏன் விட்டது என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். குளிர்ந்த தண்ணீர் ஓடிய உருளையை வடியவிட்ட பிறகே நீராவியைத் திறக்க வேண்டும். சீசனில் யாரும் அதற்குக் காத்திருப்பதில்லை. தண்ணீர் நிற்கும்போதே நீராவியைத் திறப்பார்கள். உருளை டம டமவென்று அதிரும். மெஷின் இருமுகிறது என்று பட்டறையில் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஒவ்வோர் இருமலும் குழாயின் கழுத்தில் விழுகிற அடி. சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று மேலேயிருந்து வந்த அவசரம்தான் அந்த ஓட்டையைப் போட்டது.

அந்தக் குழாயின் வாயை மறுபடி விரித்து இறுக்கினோம். பக்கத்துக் குழாய்களையும் விடவில்லை. சூட்டோடு திரும்ப டெஸ்ட் செய்தபோது தேன்கூடு முழுக்க இருட்டாக இருந்தது. அன்றே மெரூன் ஓட்டி, ஆபரேட்டர் மெஷினைக் கழுவி, அதன்பின் வெள்ளையைப் போட்டார். ஒவ்வொரு முறையும் உருளையை வடியவிட்டு, நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். மெஷின் ஒரு தடவைகூட இருமவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் துணி இறங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தோம், திருப்பிப் போட்டுப் பார்த்தோம். ஒரு திட்டு இல்லை.

பூசை நேரம். எல்லோரும் முருகன் சன்னிதி முன்னால் கூடியிருந்தோம். முதலாளி ஆபரேட்டரின் தோளைத் தட்டினார். "செரி சாமி, ஓட்டையினாலதான்னு தெரிஞ்சு போச்சு. இனி சூடமெல்லாம் எதுக்கு? போய் வேலையைப் பாருங்க."

ஆபரேட்டர் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சூடப் பொட்டலத்தை எடுத்தார். கடையில் அவரே வாங்கி வந்திருந்தார்.

"இல்ல முதலாளி. நான் அணைக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அதான் ஓட்டையைக் கண்ணால பார்த்தாச்சேங்க! இத்தனை பாடுபட்டது எதுக்கு? நீங்க இதுல கையை வெக்கக் கூடாதுன்னுதானே?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஓட்டை இருக்குன்னு நீங்க காட்டிட்டீக மேடம். நான் கழுவுனேன்னு யாரு காட்டுவா? ஓட்டையும் இருந்துச்சு, இவனும் கழுவலைன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லலாம்ல. அன்னைக்கு எனக்கே சந்தேகமா இருந்துச்சு, பயந்தேன். கறை எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்ததும் அந்தச் சந்தேகம் போயிருச்சு, இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சதைச் சொல்றதுக்கு என்ன பயம்?"

வாதாடாமல் விலகி வழிவிட்டேன். அது எனக்கு அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

தட்டில் சூடத்தை வைத்து ஏற்றினார். நன்றாகப் பற்றி எரியும்வரை காத்திருந்தார். "ரெண்டு தடவையும் மெஷினைக் கழுவித்தான் வெள்ளையைப் போட்டேன்," என்று உரக்கச் சொல்லிவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேட்டர் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவருடைய தோள் நிமிர்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

பொட்டலத்தில் இன்னும் சூடம் மிச்சமிருந்தது. அதை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்குங்க அம்மிணி?"

"தண்ணியை வடிய உடாம நீராவி தொறக்கச் சொல்ல மாட்டேன்னு. எக்ஸ்சேஞ்சரை டெஸ்ட் பண்ண, அரை வருசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு மெஷினையும் ஒரு நாள் நிறுத்திக் குடுப்பேன்னு. சீசனா இருந்தாலும் சரிங்க."

அவர் சிரித்தார். "நான் வாயில சொன்னாப் போதாதுங்களா?"

"அவரு வாயில சொன்னது உங்களுக்குப் போதலீங்களே."

சிரிப்பு நின்றது. இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை. முதலாளி ஆபரேட்டரைப் பார்த்தார், அவருடைய கரி படிந்த உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து ஒரு கட்டிச் சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். ஆபரேட்டர்தான் தீக்குச்சி கிழித்துக் கொடுத்தார். நான் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சாமி முன்னால் சொல்லிவிட்டு முதலாளி அதை அணைத்தார்.

சூடு கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது. கையை உதறி, பழக்கத்தில் வேட்டியில் துடைத்துவிட்டார். வெள்ளை வேட்டியில் கறுப்பாக ஐந்து விரலும் பதிந்தன. அந்தக் கறையை யார் பண்ணியது என்று யாரும் கேட்கவில்லை.